காணி எமது, கிணறு யாருடையது?

பழைய வீட்டுக் கணினியும் வருங்கால இயங்குதளமும்

யாழ்ப்பாணத்திற் காணி வாங்கப் புறப்படுபவர் விலையைக் கேட்பதோடு நின்றுவிடுவதில்லை. உறுதியைக் கையில் வாங்கி, கிணற்றுப் பங்கும் வழி வாய்க்கால் உரித்தும் அதில் எழுதப்பட்டுள்ளனவா என்று பார்ப்பார். தாம் பார்த்தது போதாதென்று நொத்தாரிசையும் பார்க்கச் சொல்வார். பத்துப் பரப்புச் செம்மண் கைக்கு வந்தென்ன? தண்ணீர் இறைக்கும் உரித்து இல்லையாயின் அம்மண் வெங்காயத்துக்கும் ஆகாது, புகையிலைக்கும் ஆகாது. இவ்வுண்மையை எமது கமக்காரருக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை.

ஆனால், அதே கமக்காரர் மகளின் படிப்புக்கென்று கணினி வாங்கியபோதும், அவருடைய அயலவரான ஆசிரியரும் வைத்தியரும் வழக்கறிஞரும் வாங்கியபோதும், கிணற்றைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. பெட்டியை வாங்கினோம்; திரையை வாங்கினோம்; பற்றுச்சீட்டை வாங்கிப் பத்திரப்படுத்தினோம். அப்பெட்டிக்கு உயிர் கொடுக்கும் இயங்குதளம் யாருடையது, அதற்கு எத்தனை ஆண்டு பராமரிப்பு உண்டு, அந்த ஆண்டுகள் கழிந்தபின் எமது கதி யாது என்று கேளாமலே வீடு வந்து சேர்ந்தோம். அதன் பலனை இப்போது அனுபவிக்கின்றோம்.

இயங்குதளம் என்பது கணினியின் உறுப்புகள் அனைத்தையும் ஒருங்கிணைத்து ஏவல் கொள்ளும் அடிப்படை மென்பொருள். எமது பாடநூல்கள் இதனைப் பணிசெயல் முறைமை என்கின்றன. கடிதம் எழுதும் மென்பொருளும், கணக்குப் பார்க்கும் மென்பொருளும், இணையத்தில் உலாவும் மென்பொருளும் இதன்மேல் நின்றே வேலை செய்கின்றன. கணினியைக் காணி என்று கொண்டால் இயங்குதளமே அதன் கிணறு.

நடந்தது என்ன?

மைக்ரோசொப்ட் நிறுவனம் 2015 ஜூலை 29ஆம் திகதி விண்டோஸ் 10 என்னும் இயங்குதளத்தை வெளியிட்டது. அவ்வாண்டு மே மாதத்தில் அந்நிறுவனத்தின் மாநாட்டில் உரையாற்றிய அலுவலர் ஒருவர், இதுவே விண்டோசின் கடைசிப் பதிப்பு என்று பேசினார். இனிப் புதிது புதிதாக வாங்க வேண்டியதில்லை, உள்ளதே வளர்ந்து செல்லும் என்று உலகத்தார் அதற்குப் பொருள் கொண்டனர். ஆறே ஆண்டுகள் கழிந்தன. 2021 ஒக்டோபர் 5ஆம் திகதி விண்டோஸ் 11 வந்தது. வந்தபோது தனியே வரவில்லை, நிபந்தனைகளுடன் வந்தது. ரி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு ஏற்பாடு கணினியில் இருத்தல் வேண்டும். மையச் செயலி, நிறுவனம் வகுத்த பட்டியலில் இடம்பெற்றிருத்தல் வேண்டும். இன்ரெல் செயலியாயின் பெரும்பாலும் 2017இல் வெளிவரத் தொடங்கிய எட்டாந் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ ஆதல் வேண்டும்.

விண்டோஸ் 10க்கான பொதுப் பராமரிப்பு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் முடிவுற்றது. அன்று எந்தக் கணினியும் நின்றுவிடவில்லை. மறுநாட் காலையில் விசையை அழுத்தியபோது வழமைபோல் எழுந்தது. வழமைபோல் வேலை செய்தது. ஆயினும், அன்று தொட்டுப் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் பாதுகாப்புக் குறைகளை நிறுவனம் பொதுவில் அடைத்துக் கொடுப்பதில்லை. வேலி நிற்கின்றது, ஆனால் அதில் விழும் பொட்டுகளை அடைப்பார் இல்லை. நல்ல நிலையிலுள்ள வீட்டுக் கணினியொன்று, உறுப்பு எதுவும் பழுதுபடாமலே, ஒரு திகதியால் முதுமை எய்திய வரலாறு இதுதான்.

ஏறத்தாழ 24 கோடிக் கணினிகள் இக்காரணத்தாற் குப்பைக்குப் போகக்கூடும் என்று கனலிஸ் என்னும் சந்தை ஆய்வு நிறுவனம் 2023இல் மதிப்பிட்டது. மின்னணுக் கழிவு ஏற்கெனவே உலகை நெரிக்கின்றது. 2022ஆம் ஆண்டில் மட்டும் 6.2 கோடித் தொன் கழிவு உண்டானது என்றும், அதில் 22.3 வீதமே முறைப்படி சேர்க்கப்பட்டு மீள்சுழற்சிக்குச் சென்றது என்றும் ஐக்கிய நாடுகள் சார்ந்த அறிக்கை 2024இற் கூறியது. நிலத்தடி நீரையே நம்பி வாழும் குடாநாட்டு மக்களுக்கு, ஈயமும் பாதரசமும் கலந்த கழிவு மண்ணிற் புதைந்தால் என்னவாகும் என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

நிறுவனத்தின் நியாயம்

எதிர்த் தரப்பின் நியாயத்தையும் கேட்டே தீர்ப்புக் கூறல் வேண்டும். பழைய இயங்குதளத்தை என்றென்றும் பராமரிப்பது எளிதன்று. அதற்கு ஆட்கள் வேண்டும், பணம் வேண்டும். பாதுகாப்புப் பற்றிய கவலையும் பொய்யன்று. 2017 மே 12ஆம் திகதி வனாகிரை என்னும் தீமென்பொருள் உலகெங்கும் கணினிகளைப் பூட்டிப் பணயப் பணம் கேட்டது. பிரித்தானிய வைத்தியசாலைகளிற் சிகிச்சைகள் தடைப்பட்டன. அது நுழைந்த குறைக்கான திருத்தத்தை நிறுவனம் அதற்கு இரண்டு மாதம் முன்னரே, மார்ச் 14ஆம் திகதி, வெளியிட்டிருந்தது. திருத்தத்தைச் சேர்க்காத கணினிகளே பெரிதும் அகப்பட்டன. ஆகவே, திருத்தம் இல்லாத கணினியில் வங்கிக் கணக்கைத் திறப்பவர் தம் வீட்டுத் திறப்பைப் படலையில் தொங்கவிட்டுத் தூங்குபவரே.

ஆனால் அதே நிகழ்ச்சி மற்றுமோர் உண்மையையும் வெளிப்படுத்தியது. 2014 ஏப்ரல் 8ஆம் திகதியே பராமரிப்பு முடிந்துபோன விண்டோஸ் எக்ஸ்பிக்கும் அந்த நெருக்கடியின்போது நிறுவனம் திருத்தம் வெளியிட்டது. மூன்றாண்டுக்கு முன் கைவிட்ட கிணற்றிலும் வேண்டியபோது தண்ணீர் அள்ள முடிந்தது!

விண்டோஸ் 11க்கு இட்ட எல்லைக் கோடும் அசைக்க முடியாத கோடாக இருக்கவில்லை. ஏழாந் தலைமுறைச் செயலிகள் தகுதியற்றவை என்று தள்ளப்பட்டபோது, நிறுவனம் தானே விற்ற சர்பேஸ் ஸ்ருடியோ 2 என்னும் கணினியில் இருந்த ஏழாந் தலைமுறைச் செயலிக்கு 2021 ஓகஸ்டில் விலக்கு அளிக்கப்பட்டது. தன் பிள்ளைக்கு வாசல் திறந்தது. ஊரார் பிள்ளை வெளியே நின்றது.

பராமரிப்பு முடிந்தது என்று கூறிய பின்னரும் பராமரிப்பு நடந்தது. 2025இல் அறிவிக்கப்பட்ட ஏற்பாட்டின்படி, வீட்டுப் பாவனையாளர் 30 அமெரிக்க டொலர் செலுத்தினால் 2026 ஒக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தம் பெறலாம். தம் கணினியின் அமைப்புகளை நிறுவனத்தின் கணக்கோடு ஒத்திசைக்க இசைந்தால் அப்பணமும் வேண்டியதில்லை. நிறுவனங்களுக்கோ முதலாண்டில் கணினியொன்றுக்கு 61 டொலர்; அடுத்து வரும் ஒவ்வோர் ஆண்டும் கட்டணம் இரட்டிக்கும்; மூன்றாண்டு வரை பெறலாம். ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியில் வாழும் வீட்டுப் பாவனையாளருக்கு மட்டும், பணமும் இல்லை, ஒத்திசைவு நிபந்தனையும் இல்லை. ஏன் இந்த வேறுபாடு? அங்கே நுகர்வோர் அமைப்புகள் வாய் திறந்து கேட்டன. கேட்போருக்குத் துணையாகச் சட்டம் நின்றது. கிணறு வற்றவில்லை; துலாவைத்தான் பூட்டி வைத்திருக்கிறார்கள் என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

மெக்கானிக் கற்பித்த பாடம்

பழையதை வாழவைக்கும் கலையை எமது மக்களுக்குப் பிறர் போதிக்க வேண்டியதில்லை. ஒஸ்ரின் கார்களும் மொறிஸ் மைனர் கார்களும், அவற்றைச் செய்த தொழிற்சாலைகள் கைவிட்டுப் பல தசாப்தங்கள் கழிந்த பின்னரும், யாழ்ப்பாணத்து வீதிகளில் வாடகைக்கு ஓடின. 1990களிற் பொருளாதாரத் தடை இறுகியிருந்தபோது மண்ணெண்ணெயில் மோட்டார்ச் சைக்கிள் ஓடியது. சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்டோம். இவையெல்லாம் எவ்வாறு இயன்றன? எஞ்சினைத் திறந்து பார்க்க எமது மெக்கானிக்குக்குத் தடை இருக்கவில்லை. தேய்ந்த உறுப்பை அளந்து பார்த்து, லேத்தில் கடைந்து, மாற்றிப் பூட்ட முடிந்தது. அறிவும் கையும் எமதாயிருந்தன, பொறியும் திறந்திருந்தது.

மூடிய இயங்குதளமோ அவ்வாறன்று. அதன் மூலநிரலைக் காண எமக்கு உரித்தில்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலே கணினி விஞ்ஞானம் கற்று வெளியேறும் மாணவர் எத்துணைக் கெட்டிக்காரராயினும், தம் தந்தையாரின் கணினியிலுள்ள இயங்குதளத்தின் ஓட்டையை அவர் முறைப்படி அடைக்க முடியாது. காசு கொடுத்து வாங்கிய பொருளில், காசு வாங்கியவர் சம்மதியாமல் ஒரு திருத்தமும் செய்ய இயலாது என்றால், நாம் உடைமையாளரா, வாரக்குடிகளா? இக்கேள்வியை உரிமைக் கேள்வியாகவே நாம் கொள்ளுகின்றோம்.

பங்குக் கிணறு

மாற்று வழி இல்லாமலில்லை. 1991 ஓகஸ்ட் 25ஆம் திகதி, ஹெல்சிங்கிப் பல்கலைக்கழகத்தின் 21 வயது மாணவரான லினஸ் ரோவால்ட்ஸ், தாம் ஓர் இயங்குதளம் எழுதி வருவதாக அறிவித்தார். லினக்ஸ் எனப்படும் அக்கருவின் மூலநிரல் எவரும் பார்க்கவும் திருத்தவும் பகிரவும் திறந்திருக்கின்றது. அதனை அடிப்படையாகக் கொண்ட இயங்குதளங்கள் பல. அவற்றுள் லினக்ஸ் மின்ற் என்பது வீட்டுப் பாவனைக்கு ஏற்றது. 2 ஜிகாபைற் நினைவகத்துடனும் இயங்கும், 4 ஜிகாபைற் இருந்தால் இதமாக இயங்கும். எட்டாந் தலைமுறைச் செயலி வேண்டும் என்றோ ரி.பி.எம். வேண்டும் என்றோ அது வாசலில் நின்று மறிப்பதில்லை.

இது எமது பங்குக் கிணறு போன்றது. பல காணிக்காரர் ஒரு கிணற்றில் முறை வைத்து இறைப்பர். எவரும் தனியாகப் பூட்டிவிட முடியாது. ஆனால் பங்குக் கிணற்றின் கடமைகளையும் நாம் அறிவோம். கலக்கி இறைத்துச் சேறு எடுக்கும் நாளிற் பங்காளர் வராவிட்டாற் கிணறு தூர்ந்துபோகும். லினக்சிலும் பழைய பொறிகள் என்றென்றைக்கும் தாங்கப்படுவதில்லை. அது பிறந்து வளர்ந்த 386 வகைச் செயலியையே 2013இல் அது கைவிட்டது. டெபியன் என்னும் புகழ்பெற்ற இயங்குதளத்தின் 13ஆம் பதிப்பு, 2025 ஓகஸ்டில் வெளிவந்தபோது, 32 பிற் கணினிகளுக்கான நிறுவல் வசதியைத் தரவில்லை. பராமரிக்க ஆள் இல்லாதவிடத்துச் சுதந்திர மென்பொருளும் ஓயும். எனினும், இங்கே வாசல் பூட்டப்படவில்லை. வேலை செய்ய முன்வருவோர் எந்நாளும் உள்ளே வரலாம்.

இலங்கையர்க்கு இது இயலாத காரியமும் அன்று. 2004 டிசெம்பர் 26 ஆழிப்பேரலையின் பின்னர், காணாமற் போனோர் விபரங்களையும் முகாம்களையும் நிவாரணப் பொருட்களையும் பதிந்து ஒழுங்குபடுத்த, இந்நாட்டு மென்பொருளாளர்கள் தன்னார்வமாகச் சஹானா என்னும் திறந்த மென்பொருளை எழுதினர். அது பின்னர் பிற நாட்டு அனர்த்தங்களிலும் பயன்பட்டது. துயரத்தில் எழுந்த அந்தத் திறமை, வீட்டுக் கணினியைக் காக்கவும் எழலாகாதா?

குறைகளை மறைத்து ஆசை காட்டுவது எமது நோக்கமன்று. விண்டோசுக்கென்றே எழுதப்பட்ட கணக்கியல் மென்பொருளும் தமிழ்த் தட்டச்சு மென்பொருளும் லினக்சில் நேராக இயங்கமாட்டா. சில அச்சுப்பொறிகள் முரண்டு பிடிக்கும். ஆகையால், இருப்பதை அழிக்குமுன் சோதித்துப் பாருங்கள். லினக்ஸ் மின்ற்றை யு.எஸ்.பி. குச்சியொன்றில் ஏற்றி, வன்தட்டைத் தொடாமலே கணினியை அதிலிருந்து எழுப்பி, ஒருநாள் பாவித்துப் பார்க்கலாம். பிடிக்காவிட்டாற் குச்சியைக் கழற்றினால் பழையது பழையபடி நிற்கும். எதனைச் செய்யுமுன்னும் உங்கள் கோப்புகளின் பிரதியை வேறோரிடத்தில் எடுத்து வையுங்கள்.

அக்கோப்புகள் பற்றியும் ஒரு வார்த்தை. இந்நாட்டுத் தமிழர் நெடுங்காலம் பாமினி எழுத்துருவிலேயே எழுதி வந்தனர். ஆங்கில எழுத்துகளின் இடத்திலே தமிழ் வடிவங்களை வைத்த முறை அது. அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால், பாட்டனார் காலத்து வழக்கேடும் கூட்டுறவுச் சங்க அறிக்கையும் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகத் தோன்றும். 1991இலேயே யூனிக்கோட் நியமத்தில் தமிழுக்கு இடம் கிடைத்துவிட்டது. பழைய கோப்புகளை யூனிக்கோட்டுக்கு மாற்றி வைத்தால், நாளை எந்த இயங்குதளம் வந்தாலும் எமது எழுத்து வாசிக்கப்படும். நூலகம் எரிந்ததைக் கண்ட சமுதாயம், எழுத்துரு மாறியதால் ஏடுகளை இழக்கலாகாது.

நாம் வேண்டுவன

வருங்கால இயங்குதளம் பற்றி எமக்கும் நம்பிக்கைகள் உண்டு. நம்பிக்கை வாயிலே கிடந்தாற் போதாது. கோரிக்கையாக மாறல் வேண்டும்.

ஒன்று: பால்மாப் பெட்டியிலும் மருந்துக் குப்பியிலும் காலாவதித் திகதி அச்சிடப்படுகின்றது. கணினிப் பெட்டியிலும் பாதுகாப்புத் திருத்தம் எந்தத் திகதி வரை கிடைக்கும் என்பது, வாங்குமுன் கண்ணிற் படும்படி, தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் அச்சிடப்படல் வேண்டும்.

இரண்டு: பாதுகாப்பையும் அலங்காரத்தையும் ஒரே மூட்டையாகக் கட்டலாகாது. புதிய அலங்காரங்கள் புதிய கணினிகளுக்கே ஆகுக. பழைய கணினி வேண்டுவது பொட்டு அடைக்கும் திருத்தம் ஒன்றே. அதன் முதுகில் ஏற்றாத சுமை ஏற்றவேண்டியதில்லை.

மூன்று: நிறுவனம் கைவிடும் நாளில், அப்பொறியிற் பிறிதோர் இயங்குதளத்தை ஏற்றுவதற்கான பூட்டுகள் யாவும் உடைமையாளருக்குத் திறந்துவிடப்படல் வேண்டும்.

நான்கு: அரச கந்தோர்களும் பாடசாலைகளும் குறித்த ஒரு நிறுவனத்தின் இயங்குதளத்தை வைத்திருப்போர்க்கு மட்டும் பயன்படும் படிவங்களையும் கோப்புகளையும் கைவிடல் வேண்டும். கேரளத்து அரசுப் பள்ளிகள் நெடுங்காலமாகச் சுதந்திர மென்பொருளிலே கணினிக் கல்வி புகட்டி வருகின்றன. ஜேர்மனியின் சிலெஸ்விக் ஹொல்ஸ்ரைன் மாநிலம், 30,000 அரச கணினிகளில் மூடிய அலுவலக மென்பொருளை நீக்கித் திறந்த மென்பொருளை இடுவதென 2024இல் முடிவு செய்தது. செல்வந்த நாடே சிக்கனம் பார்க்கின்றது; நாம் ஏன் பார்க்கலாகாது?

2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்தது; மே மாதத்தில் 360 ரூபாவை எட்டியது. 300 டொலர்க் கணினி 60,000 ரூபாவிலிருந்து 108,000 ரூபாவாயிற்று. கணினி மட்டும் ஓர் அங்குலமும் வளரவில்லை. இயங்கும் பொறிகளை எறிந்துவிட்டு மீண்டும் அந்நியச் செலாவணி கொடுத்து வாங்கும் நிலையில் இந்நாடு இருக்கின்றதா என்பதைப் பாராளுமன்றத்தில் எமது பிரதிநிதிகள் எழுந்து கேட்கட்டும்.

கேட்டால் கிடைக்குமா என்று ஐயுறுவோர்க்கு இரண்டு சான்றுகள் காட்டுவோம். பாடசாலைப் பிள்ளைகளின் குரோம்புக் கணினிகள் விரைவிற் காலாவதியாவதை எதிர்த்து அமெரிக்காவிற் குரல் எழுந்தது. 2023 செப்ரெம்பரில் கூகிள் நிறுவனம் பத்தாண்டுத் திருத்தத்துக்கு உடன்பட்டது. ஐரோப்பிய ஒன்றியமோ, கைப்பேசிகளுக்கும் ரப்லெற்றுகளுக்கும், அவ்வகையின் கடைசிப் பொருள் சந்தைக்கு வந்த நாளிலிருந்து குறைந்தது ஐந்தாண்டு இயங்குதளத் திருத்தம் அளிக்க வேண்டும் என்ற விதியை 2025 ஜூன் 20 முதல் நடைமுறைப்படுத்தியது. கைப்பேசிக்கு ஒரு சட்டம் இயலுமாயின் கணினிக்கும் இயலும். ஐரோப்பியருக்கு இயலுமாயின் எமக்கும் இயலும்.

சட்டம் வரும்வரை கைகட்டி இருக்கவும் வேண்டியதில்லை. சனசமூக நிலையங்களும் பழைய மாணவர் சங்கங்களும் விடுமுறை நாளொன்றில், கணினி கற்ற எமது இளைஞரைக் கூட்டி, அயலாரின் பழைய கணினிகளுக்குப் புத்துயிர் அளிக்கட்டும். கலக்கி இறைக்கும் நாளில் ஊர் கூடுவதுபோல் கூடட்டும்.

அடுத்த முறை கணினி வாங்கக் கடையேறும்போது, விலையைக் கேட்குமுன் விற்பனையாளரிடம் ஒன்று கேளுங்கள்: "தம்பி, இதன் இயங்குதளத்துக்கு எந்தத் திகதி வரை பராமரிப்பு? எழுத்திலே தருவீரா?" அவருக்கு விடை தெரியாதிருக்கலாம். நூறு பேர் கேட்டால் அவர் தம் முகவரைக் கேட்பார். ஆயிரம் பேர் கேட்டால் முகவர் நிறுவனத்தைக் கேட்பார். கிணற்றுப் பங்கு எழுதாத உறுதியில் எமது முன்னோர் கையொப்பம் வைத்ததில்லை, நாமும் வைக்கலாகாது.